சிட்டியா, ஹைரைடரா... தினசரி ஓட்டத்துக்கு எந்த ஹைபிரிட்? மைலேஜைவிட முக்கியமான 3 விஷயங்கள்!

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் செய்யும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். மனைவிக்கு நெய்வேலியில் வேலை; போக 25, வர 25 என்று தினமும் சுமார் 50 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை சாம்பிள் பெட்டிகளோடு சென்னைப் பயணம். வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி. எல்லாம் சேர்த்தால் மாதம் 1,800 கிலோமீட்டர் வந்துவிடுகிறது.

"ஏங்க, கரன்ட்லயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும்னு ஒரு கார் இருக்காமே... அதை வாங்கிட்டா என்ன?"

இன்று பல வீடுகளில் கேட்கும் கேள்விதான் இது. 20 லட்சத்தைச் சுற்றிச் செலவு செய்யும் முன், கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ப்ளக்-இன் ஏன் இங்கே இல்லை?

ஹைபிரிட்டில் இரண்டு வகை. ப்ளக்-இன் ஹைபிரிட்டை வீட்டில் சார்ஜ் போட்டு, முதல் சில பத்து கிலோமீட்டரை மின்சாரத்திலேயே ஓட்டலாம். அதன் பிறகு பெட்ரோல் கை கொடுக்கும். நெய்வேலி போய் வருவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். சீனாவில் சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் விலையிலேயே இவை ஓடுகின்றன. இந்தியாவிலோ, இதுவரை வந்தவை பெரும்பாலும் பி.எம்.டபிள்யூ எக்ஸ்.எம் போன்ற சொகுசு கார்கள்தான்.

வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையில் இருக்கும் ஜி.எஸ்.டி-யில், முழு மின்சாரக் காருக்கு 5 சதவிகிதம். 4 மீட்டருக்கு மேல் நீளமான, அல்லது 1,200 சிசி-க்கு மேற்பட்ட பெட்ரோல் ஹைபிரிட்டுக்கு 40 சதவிகிதம். சார்ஜ் போடும் வசதி இருந்தாலும் இதில் சலுகை கிடையாது.

அதனால் நம் கைக்கு எட்டுவது 'ஸ்ட்ராங் ஹைபிரிட்'. இதற்கு ப்ளக் வேண்டாம். சூளையில் வீணாகும் சூட்டை எடுத்து அடுத்த பச்சைப் பொருளைக் காயவைப்பார்கள் இல்லையா? அதே யோசனைதான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து, சின்ன பேட்டரியில் சேர்த்து, அடுத்தமுறை வண்டி நகரும்போது மோட்டாருக்குக் கொடுக்கிறது. மின்வெட்டு, வீட்டில் பார்க்கிங் இல்லாதது போன்ற கவலைகள் இதற்கு இல்லை.

களத்தில் இருவர்

ஹோண்டா சிட்டி e:ஹெச்.இ.வி, 2022 மே மாதம் 19.49 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது. டொயோட்டா அர்பன் க்ரூஸர் ஹைரைடரின் ஹைபிரிட், அதே ஆண்டு செப்டம்பரில் வேரியன்ட்டைப் பொறுத்து 15.11 லட்சம் முதல் 18.99 லட்சம் வரை அறிவிக்கப்பட்டது. இவை அப்போதைய விலைகள். இன்றைய ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். சிட்டியில் 4 சிலிண்டர், மொத்த சக்தி 126 பி.எஸ். ஹைரைடரில் 3 சிலிண்டர், சுமார் 116 பி.எஸ். சிட்டியில் டவுன் வேகத்தில் இன்ஜின் பெரும்பாலும் ஜெனரேட்டரை மட்டும் சுற்றும். சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். நெடுஞ்சாலையில் சீரான வேகம் வந்ததும் இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தோடு இணையும். ஹைரைடரில் கிரக கியர் அமைப்பு ஒன்று, இன்ஜினையும் மோட்டாரையும் தேவைக்கேற்பக் கலந்து தருகிறது. அழுத்தி மிதிக்கும்போது 3 சிலிண்டர் சத்தம் கொஞ்சம் உள்ளே கேட்கும். சிட்டி இந்த விஷயத்தில் அமைதி.

மைலேஜில் யார் ராஜா?

அறிமுகமானபோது ஏ.ஆர்.ஏ.ஐ சோதனையில் ஹைரைடர் லிட்டருக்கு 27.97, சிட்டி 26.5 கிலோமீட்டர். இந்த எண்ணை வைத்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். ஆனால், நம் குடும்பத்தின் ஓட்டம் வருடத்துக்கு 21,600 கிலோமீட்டர். அதற்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 43 லிட்டர்தான். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மாதம் 360 ரூபாய்! இதற்காக ஒரு காரைத் தள்ளிவிடத் தேவையில்லை.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியவை வேறு மூன்று.

1. முழங்கால்: சிட்டி செடான். சீட் தாழ்வு. உள்ளே உட்கார்ந்துவிட்டால் பின்சீட்டில் கால் நீட்ட நல்ல இடம். ஆனால், பாட்டி ஒவ்வொரு முறையும் குனிந்து இறங்கி, கைப்பிடித்து எழ வேண்டும். ஹைரைடரில் சீட் உயரம். நாற்காலியில் உட்காருவதுபோல் ஏறிக்கொள்ளலாம்.

2. வேகத்தடை: சிட்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ, ஹைரைடருக்கு 210 மி.மீ. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு, ஊர்ப்புறச் சாலைகளின் வேகத்தடைகளில் இந்த 45 மி.மீ-யின் அருமை புரியும். கடலூர் மாவட்டத்தின் மழைக்காலப் பள்ளங்களுக்கும் உயரம் நல்லது. அதற்காகத் தேங்கிய வெள்ளத்தில் எந்தக் காரையும் இறக்காதீர்கள்.

3. டிக்கி: ஹைபிரிட் பேட்டரி டிக்கியில் இடம் பிடிக்கும். பெட்ரோல் சிட்டியில் 506 லிட்டராக இருந்த டிக்கி, ஹைபிரிட்டில் 306 லிட்டர். ஹைரைடரில் 265 லிட்டர்தான். ஆனால், அதன் பின்கதவு முழுதாக மேலே திறக்கும். பின்சீட்டை 60:40 ஆக மடக்கலாம். கொலு பொம்மைப் பெட்டி உயரமாக இருந்தால் ஹைரைடர் வசதி. தட்டையான பெட்டிகளுக்கு சிட்டி போதும். வாங்கும் முன் உங்கள் பெட்டியையே எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள், தப்பே இல்லை.

சிட்டியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. முன்னால் போகும் வண்டியைக் கவனித்து எச்சரித்து, தேவைப்பட்டால் பிரேக் போடும் 'ஹோண்டா சென்ஸிங்' வசதி அதில் உண்டு. உளுந்தூர்பேட்டை தாண்டி நான்கு வழிச்சாலையில் அடிக்கடி சென்னை போகிறவர்களுக்கு இது பெரிய துணை. ஹைரைடருக்கோ மாருதி கிராண்ட் விட்டாரா என்று ஒரு இரட்டைப் பிறவி உண்டு. அதே ஹைபிரிட் அமைப்புதான். உங்கள் ஊருக்கு அருகில் எந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ அதைப் பார்த்துத் தேர்வு செய்யலாம். பேட்டரிக்கு ஹோண்டா, டொயோட்டா இரண்டுமே 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரன்ட்டி அறிவித்தன.

எல்லோருக்கும் ஹைபிரிட் தேவையா?

இதுதான் பெரிய கேள்வி. கணக்குக்காக சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 14, ஹைபிரிட் 21 கிலோமீட்டர் தருவதாக வைப்போம். மாதம் 1,800 கிலோமீட்டருக்குச் சுமார் 4,300 ரூபாய் மிச்சம். ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக 4 லட்சம் கொடுத்திருந்தால், அதை மீட்க ஏறக்குறைய 8 வருடம். மாதம் 600 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு மிச்சம் 1,430 ரூபாய்தான். 4 லட்சத்தை மீட்க 23 வருடம் ஆகும்! கடனுக்கு வட்டி கட்டினால் இன்னும் தள்ளிப்போகும்.

இன்னொன்று: ஹைபிரிட் மிச்சப்படுத்துவது நின்று நின்று போகும் டவுன் ஓட்டத்தில். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போனால் பிரேக் பிடிக்க வேலையில்லை. பேட்டரிக்குச் சேர்வதும் குறைவு. நெடுஞ்சாலை ஓட்டம் மட்டுமே என்றால், இந்தக் கணக்கு இவ்வளவு சாதகமாக இருக்காது.

நம் விருத்தாசலம் குடும்பத்துக்கு? பாட்டியும் பெட்டியும் ஊர்ச் சாலையும் சேர்ந்து ஹைரைடர் பக்கம் சாய்க்கின்றன. பாட்டி இல்லாத, சென்னைக்கு அதிகம் போகிற வீடாக இருந்தால் சிட்டி. மாத ஓட்டம் 1,000 கிலோமீட்டரைத் தாண்டாத வீடு என்றால், ஹைபிரிட்டைவிட சாதாரண பெட்ரோல் காரே புத்திசாலித்தனம்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது ஓட்டுபவர் மட்டும் போகாதீர்கள். பாட்டியையும் கூட்டிப்போய்ப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். இறங்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். எந்த கார் என்று அப்போதே தெரிந்துவிடும்.