லேப்டாப்புக்குக் கடன் வேண்டாம்

கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடும் வீட்டுப் பிள்ளைக்கு என்ஜினீயரிங் இடம் கிடைத்தால், அது ஊருக்கே பெருமை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அடுத்த கவலை, லேப்டாப்!

பெற்றோர்களே! கள்ளக்குறிச்சிக்குப் போய், வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கடையில் கொட்டிவிடாதீர்கள். கல்லூரி திறக்கட்டும். என்ன தேவை என்று ஆசிரியரிடம் கேட்கட்டும். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. உங்கள் பிள்ளைக்கு உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சொந்தமாக வாங்கித்தான் ஆகவேண்டுமா? ராம் என்பது வேலை செய்யும் மேசை போன்றது. மேசை பெரிதானால் பல வேலைகளை ஒன்றாகப் பரப்பலாம். முதல் ஆண்டுப் பாடத்துக்கு 8 ஜிபி போதும். கட்டடம், இயந்திரம் வரைபவர்களுக்குப் பின்னால் 16 ஜிபி வேண்டியிருக்கும். ஆகவே, ராமைக் கூட்ட முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்.எஸ்.டி. இருக்கட்டும், வேகம் கிடைக்கும். மின்சாரம் நின்றாலும் படிக்க, பேட்டரி தாங்க வேண்டும். பழுதானால் பார்க்க, பக்கத்தில் ஆள் வேண்டும்.

விலை கூடிய லேப்டாப் பாடம் படிக்காது. பிள்ளைதான் படிக்க வேண்டும். கடன் கவலை இல்லாத வீட்டில் அந்தப் படிப்பு நன்றாக நடக்கும்.