பார்க்கக் கற்போம்!

(மூன்றாமாண்டு இளங்கலை, வரலாறு)

“கடலையும் மரத்தையும் வரைந்துகொண்டிருந்தால் பசித்தவன் வயிறு நிறையுமா?” என்று பட்டிமன்ற மேடைகளில் கேட்பார்கள். உடனே கைதட்டல் எழும். நானும் தட்டியவன்தான். ஆனால், பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் ஓவியம் ஒன்றை நூலகத்துக் கலைநூலில் கண்ட பிறகு, தட்டியது தவறோ என்ற ஐயம் எழுந்தது.

‘லெஸ்தாக்கிலிருந்து தெரியும் மார்சேய் வளைகுடா’ என்பது அதன் பெயர். ஏறத்தாழ 1885-இல் வரையப்பட்டது; இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் உள்ளது. மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம், அதன் முன்னே வெயில் காயும் செந்நிற ஓட்டுக் கூரைகள், அக்கரையில் மலைத்தொடர். அலையில்லை, ஆளில்லை, ஆரவாரமில்லை.

வாழ்க்கையை விட்டு ஓடுபவனின் கலையா இது? சற்றே உற்றுப் பாருங்கள். கூரைகளுக்கிடையே ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கி நிமிர்ந்து நிற்கிறது! லெஸ்தாக், ஓடு செய்யும் ஆலைகள் இருந்த ஊர். அழகைக் கெடுக்கும் என்று செசான் அதை விலக்கவில்லை. கடலுக்குத் தந்த மதிப்பை அதற்கும் தந்தார்.

1870-இல் பிரெஞ்சு-பிரஷ்யப் போர் மூண்டபோது, படையில் சேராமல் அவர் ஒதுங்கியிருந்த ஊர் இது என்பது உண்மையே. ஆனால், ஒளிய வந்தவர் போர் முடிந்த பின்னும் பலமுறை வந்தது எதற்காக? பார்ப்பதற்காக! இங்கே ஒலிவ மரமும் பைன் மரமும் இலையுதிர்ப்பதில்லை. ஆகையால் ஒரே காட்சியை மூன்று நான்கு மாதங்கள் வரையலாம் என்று 1876-இல் நண்பர் பிஸாரோவுக்கு எழுதினார். ஒன்றை மாதக்கணக்கில் உற்று நோக்குவது சோம்பலா, உழைப்பா?

பின்னாளில் அக்கரையில் வாயு விளக்குகளும் மின்விளக்குகளும் வந்தன. பழைய எழில் அழிகிறதே என்று 1902-இல் தங்கை மகளுக்கு எழுதிய கடிதத்தில் செசான் வருந்தினார். புகைபோக்கியை ஏற்றவர் விளக்குக்கு வருந்துவதா என்று சிலர் நகைக்கலாம். நான் நகைக்க மாட்டேன். அந்தக் கரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர் அவர். பார்க்காதவனுக்கு இழப்பே தெரியாது.

முழக்கமிடும் ஓவியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அநீதியைச் சுட்டிக்காட்ட அதுவும் வேண்டும். ஆனால் சுட்டிய இடத்தைப் பார்க்கக் கண் வேண்டாமா? அந்தக் கண்ணைத் தருவது அமைதியான ஓவியம். உலகை மாற்றத் துடிக்கும் நண்பர்களே, முதலில் அதைப் பார்க்கக் கற்போம்!