சுவர்தானே சார், பில்லரைத் தொடலையே!

இன்னைக்குக் கொஞ்சம் சிவில் இன்ஜினியரிங் பேசலாம். பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த வேலைன்னு கேட்கிற கிளாஸ்மேட்ஸ் மன்னிக்கவும். ஃப்ளாட்டில் குடியிருக்கிற யாருக்குமே இது சம்பந்தமில்லாத மேட்டர் கிடையாது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் 1970, 80களில் கட்டிய இரண்டு மாடி, மூன்று மாடி ஃப்ளாட்டுகள் நிறைய இருக்கு. அந்தக் காலத்துச் சமையலறைக்கு நாலு பக்கமும் சுவர், மேலே பரண். இப்போது அந்த வீடுகளை வாங்குகிறவர்கள் கை வைக்கிற முதல் இடம், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவர். ஓப்பன் கிச்சன் வேணுமாம். ஹால் பெரிசாகும், வெளிச்சம் வரும். நல்லதுதான், எனக்குப் பொறாமை எல்லாம் இல்லை (சரி, கொஞ்சம் உண்டு :-)).

ஆனால் அந்தச் சுவர் யாருடையது?

எங்கள் பில்டிங்கில் தரைத்தளத்து வீட்டில் இந்த வேலை ஆரம்பித்தது. நாங்கள் இரண்டாவது மாடி. சத்தம் கேட்டு அப்பா கீழே போய் விசாரித்தார். "சுவர்தானே சார், பில்லரைத் தொடலையே" என்று மரியாதையாகவே பதில் சொன்னார்கள். உண்மைதான், தொடவில்லை. ஏனென்றால் எங்கள் கட்டிடத்தில் பில்லரே கிடையாது!

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். கட்டிடங்களில் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, கான்கிரீட் தூணும் உத்தரமும் எடையைத் தாங்குகிற வகை. அதில் நடுவில் இருக்கும் நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. இன்னொன்று, பழைய சின்ன ஃப்ளாட்டுகளில் இருக்கும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வகை. அதில் சுவர்தான் தூண். இரண்டாவது மாடிச் சுவரும் தளமும் முதல் மாடிச் சுவர் மேல், அதெல்லாம் சேர்ந்து தரைத்தளச் சுவர் மேல். எல்லாவற்றுக்கும் உச்சியில் தண்ணீர் டேங்க் வேறு. கீழே ஒரு சுவரை எடுத்தால் அந்த எடை காணாமல் போகாது, வேறு இடத்தைத் தேடும். அது தேடுகிறது என்பதற்கு அடையாளம், மேல் வீட்டுக் கதவு மூலையில் சாய்வாக ஓடுகிற விரிசல், திடீரென்று மூட மறுக்கிற கதவு.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2017 ஜூலை 25, மும்பை காட்கோபர். சித்தி சாய் என்ற நாலு மாடிக் குடியிருப்பு காலையில் சரிந்து விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் மாற்றி அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. செத்தவர்கள் சுவரை இடித்தவர்கள் இல்லை, மேலே குடியிருந்தவர்கள்.

இரண்டாவது, 2022 பிப்ரவரி 10, குருகிராம். சின்டெல்ஸ் பாரடைசோ அடுக்ககத்தில் ஆறாவது மாடி வீட்டில் புதுப்பிக்கும் வேலை. தளம் உடைந்து, கீழே இருந்த தளங்களையும் இழுத்துக்கொண்டு முதல் மாடி வரை வந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். பிறகு ஐ.ஐ.டி. டெல்லி ஆய்வு செய்ததில் கான்கிரீட்டிலேயே குளோரைடு அதிகம், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கட்டிடத்துக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கடல் காற்று அடிக்கிற நம்ம ஊர்க் கட்டிடங்களுக்கும் இது பொருந்தும்.

என் பாடத்துக்கு வருகிறேன். ஃப்ளாட் வாங்கும்போது பத்திரத்தில் நிலத்தின் பிரிபடாத பங்கு வரும், புரோக்கர்கள் வாயில் யூ.டி.எஸ். அஸ்திவாரம், தூண், உத்தரம், தாங்கு சுவர், மொட்டைமாடி எல்லாமே இப்படிப் பங்குதான். 1994 சட்டமானாலும் சரி, அதற்குப் பதிலாக வந்து 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த 2022 சட்டமானாலும் சரி, அடிப்படை இதுதான். பார்ட்னர்ஷிப் சொத்தை ஒரு பார்ட்னர் மட்டும் தனக்காக விற்க முடியுமா? தாங்கு சுவரை இடிப்பதும் அதே கதைதான். லாபம் ஒருவருக்கு, ரிஸ்க் மொத்தமும் மேல் வீட்டுக்காரருக்கு.

இங்கிலாந்தில் பழைய வீடுகளில் கணப்படுப்பின் புகைபோக்கிச் சுவர் கீழிருந்து கூரை வரை ஒரே தொடர்ச்சியாகப் போகும். கீழ் வீட்டுக்காரர் இடம் வேண்டும் என்று தன் பகுதியை மட்டும் எடுத்தால், மேலே இருக்கும் டன் கணக்கான செங்கல் அந்தரத்தில் நிற்கும். பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரில் இப்படிக் கை வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்று அங்கே 1996இலேயே சட்டம் போட்டார்கள்.

நம்ம அசோசியேஷன் என்ன கேட்கிறது? மத்தியானம் சத்தம் போடாதே, இடிபாட்டை வாசலில் கொட்டாதே, லிஃப்டில் சிமெண்ட் மூட்டை ஏற்றாதே. எல்லாம் சரி. சுவர் எதைத் தாங்குகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மேல் வீட்டுக்காரர் "பரவாயில்லை சார், செய்யுங்க" என்று கையெழுத்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. கையெழுத்து எடையைத் தாங்காது.

"என் காசு, என் வீடு, இன்ஜினியருக்கு வேறு தண்டமா" என்பவர்கள் உண்டு. மாடுலர் கிச்சனுக்குச் செய்கிற செலவுக்கு முன்னால் பொறியாளர் ஃபீஸ் பெரிய தொகையா என்ன? எங்கள் பில்டிங்கில் கடைசியில் பொறியாளரைக் கூப்பிட்டார்கள். முட்டுக் கொடுத்து, இரும்பு கர்டர் போட்டு, அப்புறம் சுவரை எடுத்தார்கள். கூடுதலாக மூன்று வாரம் ஆனது. ஓப்பன் கிச்சனும் வந்தது, எங்கள் வீடும் நிற்கிறது.

அதனால் நான் சொல்ல வருவது இடிக்காதே என்றில்லை. கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்த கடிதம் இல்லாமல் எந்தச் சுவரிலும் உளி படக்கூடாது என்று ஒவ்வொரு அசோசியேஷனும் விதி போட வேண்டும். மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகாது" என்பது கடிதம் ஆகாது. அடுத்த மீட்டிங்கில் பார்க்கிங் சண்டை ஆரம்பிப்பதற்கு முன்னால் இதை எழுப்பச் சொல்லி உங்கள் அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்.