பழைய நார்க்கட்டிலை விறகுக்குப் போடலாமா?

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது திருச்செந்தூர், ஆறுமுகநேரி, காயாமொழி, உடன்குடி என்று அந்தப் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே காட்சிதான். வெள்ளையடிப்பதற்காக வீட்டுச் சாமான்கள் எல்லாம் வாசலுக்கு வந்திருக்கும். சாயங்காலம் எல்லாம் உள்ளே திரும்பிவிடும், இரண்டு மூன்று பொருட்களைத் தவிர. நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிப்போன நார்க்கட்டில், பிரம்பு கிழிந்த கைநாற்காலி, துணி நைந்த ஈஸிசேர். "இத எதுக்கு திரும்ப உள்ள தூக்கணும்?" என்று பேரன் கேட்பான். "தாத்தா கட்டில்லா, கெடக்கட்டும்லே" என்று ஆச்சி சொல்வாள். கடைசியில் யார் ஜெயித்தாலும் கட்டிலுக்குத் தோல்விதான். ஒன்று, தொழுவத்தில் கிடந்து கரையானுக்குப் போகும். இல்லையென்றால் பழைய சாமான் வாங்குகிறவரின் வண்டியில் ஏறும்.

"பழசாகிவிட்டது, இனி உதவாது" என்பதுதான் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லும் காரணம். ஆனால் அந்தக் கட்டிலில் உண்மையில் பழசானது எது? நார் மட்டும்தான். சட்டமும் கால்களும் அப்படியே இருக்கின்றன. வேம்போ, பூவரசோ, தேக்கோ, எதுவானாலும் இன்னும் ஒரு தலைமுறை படுத்து எழும்ப அதில் தெம்பு இருக்கிறது. சைக்கிளில் டயர் தேய்ந்துவிட்டது என்பதற்காக யாரும் சைக்கிளை எடைக்குப் போடுவதில்லையே!

அந்தக் கால மரச்சாமான்கள் எல்லாமே இரண்டு ஆயுள் கொண்டவை. மரத்துக்கு ஒரு ஆயுள், நீண்டது. நார், பிரம்பு, துணி, பஞ்சு இவற்றுக்கு இன்னொரு ஆயுள், குறுகியது. சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும் என்று தெரிந்துதான் செய்தார்கள். மாற்றும் வேலையும் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது. இப்போது தொலைந்து போயிருப்பது அந்தத் திண்ணை வேலைதான். அது தொலைந்ததால்தான் நல்ல மரமும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

திருச்செந்தூர் வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. குதிரைமொழித் தேரியின் செம்மண் மேடுகளைச் சுற்றி எங்கு திரும்பினாலும் பனை. பாளை சீவும் பருவத்துக்கு முன் மரத்தைச் சுத்தம் செய்யும்போது மட்டைகள் விழும். அந்த மட்டையில் இருந்து உரிப்பதுதான் கட்டிலுக்கான நார். தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்துப் பின்னுவார்கள். காயக் காய நார் இறுகி, கட்டில் மத்தளத் தோல் போல விறைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் கீழேயிருந்தும் காற்று வரும். மூட்டைப்பூச்சி பிடித்தால் வெளியே தூக்கிப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு வெயிலில் சாய்த்துவிடலாம். (ஸ்பிரிங் மெத்தையில் இதைச் செய்து பார்க்க யாருக்காவது தைரியம் இருக்கிறதா?) கந்தசஷ்டிக்கு உறவுக்கூட்டம் வந்து இறங்கும்போது இந்தக் கட்டில்களைத்தான் முற்றத்தில் வரிசையாகப் போட்டார்கள்.

கடலோரம் என்பது இன்னொரு கணக்கு. உப்புக்காற்று மரத்தை அவ்வளவு சீக்கிரம் தின்பதில்லை, இரும்பைத்தான் தின்னும். சோபாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங், ரெக்ஸினை அடித்து வைத்திருக்கும் சின்ன ஆணி, பிளைவுட்டை இணைக்கும் ஸ்குரு, இவைதான் முதலில் துருப்பிடிக்கும். அதற்குள் ரெக்ஸின் தோல் உரிய ஆரம்பித்திருக்கும். உள்ளே இருக்கும் ஃபோம் ஈரத்தையும் வியர்வையையும் பிடித்து வைத்துக்கொண்டு, நாளாக ஆக மாவு மாதிரி உதிரும். அப்படியிருக்க, இந்த ஊரில் பழைய சாமானைப் "புதுப்பிக்கிறேன்" என்று சொல்லி நாரையும் பிரம்பையும் எடுத்துவிட்டு ஃபோமும் ரெக்ஸினும் அடிப்பது, நன்றாக ஓடுகிற வண்டியைத் தள்ளுவண்டியாக மாற்றுவதற்குச் சமம். மெத்தென்று வேண்டும் என்றால், இலவம் பஞ்சு அடைத்த ஒரு திண்டை மேலே போட்டுக்கொண்டால் போதாதா? வெயிலில் காயவைக்கலாம், பிரித்து மறுபடி அடைக்கலாம். நைலான் நாடா பின்னுவது ஃபோமைவிட எவ்வளவோ தேவலை, கழுவிவிடலாம். ஆனால் வெயிலில் கிடந்தால் நைலானும் இற்றுப்போகும். கோடை இரவில் முதுகும் ஒத்துக்கொள்ளாது.

பிரம்பு நாற்காலியின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. பிரம்பு இந்தக் கரையில் விளைவது இல்லை. மலாய்த் தீபகற்பத்திலும் சுமத்ரா, போர்னியோ போன்ற தீவுகளிலும் விளைந்ததைக் கப்பல்கள்தான் உலகம் முழுக்கக் கொண்டு போயின. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் வணிகம் வழியாகத்தான் பிரம்பு பின்னிய நாற்காலி ஐரோப்பாவிலேயே பரவியது. அதே காலத்தில்தான், 1658-ல், டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடம் இருந்து பிடித்தார்கள். எண்கோணக் கண்கள் வைத்துப் பின்னும் அந்தப் பின்னல் பிறகு நம்மூர் வக்கீல் வீடு, தாலுகா ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொண்டது. இந்தியா முழுக்கப் பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுவதைத் தொழிலாகவே சொல்லிக் கொடுத்தார்கள். அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னும் வேலை பார்வையற்ற பலருக்குச் சோறு போட்டது. வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் அலுவலகங்களில் மாறியது நாற்காலி மட்டும் இல்லை, அந்த வேலையும் போனது. பிளாஸ்டிக் நாற்காலி கால் உடைந்தால் அதைப் பின்னவும் முடியாது, ஒட்டவும் முடியாது. குப்பைதான்.

மரத்தின் மதிப்பையும் பார்க்கவேண்டும். தென் தமிழகத்து வீடுகளில் "பர்மா தேக்கு" என்று பெருமையாகச் சொல்லும் சாமான்களில் கணிசமானவை இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவை. 1942-ல் ஜப்பான் படைகள் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றுபோனது. போருக்குப் பின் திரும்ப வந்தது பழைய தாராளத்தோடு வரவில்லை. 2014 ஏப்ரல் முதல் மரத்தை உருட்டாக ஏற்றுமதி செய்வதையே மியன்மர் தடை செய்துவிட்டது. ஆக, தாத்தா காலத்து நாற்காலிக் கையில் இருக்கும் அந்த அடர்ந்த தேக்கைக் காசு கொடுத்தாலும் கடையில் வாங்குவது கஷ்டம். இது வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்! கிழிந்த பிரம்பைக் காட்டி விலையைக் குறைத்து வாங்குவார்கள். பின்னி, பாலிஷ் போட்டு, ஓட்டல் வரவேற்பறைக்கு விற்பார்கள். அது வியாபாரம், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு நாள் வேலையைச் செய்யச் சோம்பியதற்காக வீட்டுக்காரர் கொடுக்கும் விலை அது.

சரி, வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் தவறு செய்வது குறைவாகச் செய்வதால் இல்லை, அதிகமாகச் செய்வதால்! எடுத்த எடுப்பில் உப்புத்தாளை வைத்து வெள்ளை மரம் தெரிகிற வரைக்கும் தேய்த்துவிடுகிறார்கள். ஐம்பது அறுபது வருடம் கை பட்டுப் பட்டு வந்த நிறம் அரை மணி நேரத்தில் தூசியாகப் போய்விடும். முதலில் செய்யவேண்டியது, சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பதுதான். பாதி "கறுப்பு" வெறும் விளக்குப்புகையும் கைவியர்வையுமாக இருக்கும்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் துளி ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பார்க்கவேண்டும். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். அரக்கு என்பது ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில் சுரந்து வைப்பது. ஜார்க்கண்ட் காடுகள் அதற்குப் பேர்போனவை. ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924-லேயே அதற்காக ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லிசாகப் பல தடவை தேய்ப்பதைத்தான் ஆசாரிகள் பிரெஞ்சு பாலிஷ் என்கிறார்கள். இதன் பெரிய வசதி, பழைய பூச்சு புது ஸ்பிரிட்டில் கரைந்து புதுப் பூச்சோடு ஒன்றாகிவிடும். கீறல் விழுந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். கடைக்காரர் சிபாரிசு செய்யும் பாலியூரித்தேன் பூச்சு கண்ணாடி மாதிரி பளபளக்கும்; ஆனால் ஒரு இடத்தில் உரிந்தால் பெரும்பாலும் முழுப் பரப்பையும் சுரண்டித்தான் ஆகவேண்டும்.

ஒட்டும் பசையிலும் இதே கதைதான். பழைய ஆசாரிகள் பயன்படுத்திய வஜ்ஜிரப் பசை வெந்நீர் பட்டால் இளகும். ஆடுகிற மூட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி பூட்டலாம். பிறகு ஒருநாள் இன்னொருவர் இதைக் கழற்றுவார் என்பதை எதிர்பார்த்தே ஒட்டியிருக்கிறார்கள். ஆடுகிற காலில் நாலு ஆணி அடித்து விடுகிறவர்கள் அந்தக் கதவை மூடிவிடுகிறார்கள். கடலோரத்தில் அந்த ஆணி துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் கறுப்பாக்கிவிடும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். பச்சையோ நீலமோ பெயிண்ட் அடித்த பழைய நாற்காலி என்றால் உலர்வாகத் தேய்க்கக்கூடாது. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2016-ல்தான் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, குழந்தைகளைத் தள்ளி வைக்கவேண்டும். பாலிஷ் ஸ்பிரிட்டும் விஷம்தான், அடுப்பு இருக்கும் பக்கம் திறக்கவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்கவேண்டும்.

நார் பின்னுவதுதான் இதில் கஷ்டமான பாடம். பழைய நாரை அறுத்து எறிவதற்கு முன் நாலு மூலையையும் கட்டிலின் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதற்கு மேல் புத்தகம் பார்த்தோ வீடியோ பார்த்தோ வராது; இழுப்பின் அளவு கைக்குத்தான் தெரியும். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, முழு நாள் கூலி கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் இழுத்துக் கொடுத்தால் ஒரு கட்டிலிலேயே பாதி வந்துவிடும். பிரச்சினை என்னவென்றால், அப்படித் தெரிந்தவர்கள் வயதானவர்களாக இருக்கிறார்கள். பனை ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டதால் நல்ல நார் கிடைப்பதும் குறைந்துவிட்டது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் மரத்தை நிற்க வைத்தால் மட்டும் போதுமா? மட்டைக்கும் நாருக்கும் ஒரு வீட்டிலாவது தேவை இருந்தால்தானே யாராவது அதை உரிப்பார்கள்? பதனீருக்கும் கருப்பட்டிக்கும் பேசுகிற அளவுக்கு நாருக்காக யாரும் பேசுவதில்லை.

எல்லாப் பழசையும் காப்பாற்றவேண்டும் என்பதும் அசட்டுத்தனம்தான். துளைகளில் இருந்து மாவு கொட்டிக்கொண்டே இருக்கிற சட்டம், விரலால் அழுத்தினால் உள்ளே போகிற கால், ஈரத்தில் உப்பிய மரத்தூள் பலகை, இவற்றில் செலவு செய்வது வீண். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆறடிக் கட்டிலைச் சுமந்துகொண்டு அலைய முடியாது என்பதும் நியாயம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஈஸிசேர்தான் சரி. இரண்டு கம்புகளை உருவி, பழைய துணியை அளவாக வைத்து, கெட்டிக் கித்தான் துணியில் இரண்டு பக்கமும் மடித்துத் தைத்தால் முடிந்தது. தையல் மட்டும் இரட்டையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மதியத் தூக்கத்தில் தாத்தா தரைக்கு வந்துவிடுவார்!

அரக்கு பாலிஷுக்கு ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஈரமான டம்ளரை மேலே வைத்தால் வெள்ளை வட்டம் விழும். திருச்செந்தூர் மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊரில், மழை நாளில் பூசினால் முழுப் பலகையே மங்கலாகிவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் தொடாமல் மாசி, பங்குனியில் பூசுவது நல்லது. டம்ளர் வட்டத்துக்குப் பெரிய வைத்தியம் எதுவும் தேவையில்லை. துணியில் லேசாக ஸ்பிரிட் தொட்டு, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நாலு தடவை நீவினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.