புள்ளடியோடு முடிந்ததா நம் கடமை?

2023ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி என்ன நாள் என்று நம்மவர் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர்தானும் விடை பகர்வாரா என்பது ஐயமே. அன்றுதான் இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெறுவதாகத் திகதி குறிக்கப்பட்டிருந்தது. வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டிருந்தன, கட்டுப்பணமும் கட்டியாயிற்று. திறைசேரியோ காசு இல்லையென்று கையை விரித்தது. தேர்தல் நடக்கவில்லை. பத்து நாட்கள் கழித்து மன்றங்களின் ஆயுளும் முடிந்தது. அன்று தொட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, நம் ஒழுங்கைகளும் சந்தைகளும் மயானங்களும் வாசிகசாலைகளும் மக்கள் தெரிந்தெடுத்த ஒரு பிரதிநிதியேனும் இன்றி உத்தியோகத்தர் கையிலே கிடந்தன. 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதியே மக்கள் மீண்டும் வாக்குச் சாவடிக்குச் சென்றனர்.

இந்த அநீதியைக் கண்டு கொதித்தெழுந்தவர் எத்தனை பேர்? பாராளுமன்றத் தேர்தலை ஒருவன் இப்படித் தூக்கி மூலையிலே போட்டிருந்தால் நாடு பொறுத்திருக்குமா? வழக்காடத் துணிந்த சிலர் உயர் நீதிமன்றப் படியேறினர். தேர்தலை நடத்தாமல் விட்டமை குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீறப்பட்டது யாருடைய உரிமை? உங்கள் உரிமை, எங்கள் உரிமை. அந்நாட்களிலே நம் சனசமூக நிலையங்கள் எத்தனை கூடிக் கண்டனத் தீர்மானம் ஒன்றையாவது எழுதின? கமக்காரர் அமைப்புகள் எத்தனை தேர்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதமாவது விடுத்தன? நாமும் அக்குற்றத்திலிருந்து விலகி நிற்கவில்லை. உரத்துக் கேட்க வேண்டிய நேரத்தில் நாமும் மெல்லவே முணுமுணுத்தோம்.

தேர்தல் வந்தபோதாயினும் நிலைமை மாறிற்றா? 2018இல் வாக்களித்தோர் விகிதத்திலும் 2025இல் வாக்களித்தோர் விகிதம் வெகுவாகக் குறைந்திருந்தது. "இது ஒழுங்கைத் தேர்தல்தானே" என்று படித்த பெருமக்கள் பலர் சொல்லக் கேட்டோம். ஆம், ஒழுங்கைத் தேர்தல்தான்! அந்த ஒழுங்கையால் அல்லவோ அவர்தம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றனர்? மாரியில் அதே ஒழுங்கையிலே முழங்கால் வெள்ளம் நிற்கும்போது, மதகு எங்கே, வெள்ளவாய்க்கால் எங்கே என்று ஊரெல்லாம் கேட்பவரும் அவர்களே.

கமக்காரனுக்கோ இது இன்னும் நெருங்கிய விவகாரம். விடியற்காலையில் வெங்காயத்தையும் கத்தரியையும் மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டு செல்கிறான். சந்தை பிரதேச சபையின் சொத்து; அதை ஆண்டுதோறும் குத்தகைக்கு விடுவதும் சபை. நூறு கிலோ நிறுத்தால் பத்துக் கிலோவைக் கழிவென்று தள்ளிவிட்டு மிச்சத்துக்கே விலை போடும் கொடுமையைப் பற்றி யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பல்லாண்டாக முறையிட்டு வந்தனர். அந்தக் கழிவுக்கு எந்தச் சட்டத்தில் இடமுண்டு? தராசு யாருடைய மேற்பார்வையில் நிற்கிறது? குத்தகைப் பத்திரத்தில் என்ன நிபந்தனை எழுதப்பட்டது? இவற்றைக் கேட்க வேண்டிய இடம் கொழும்பு அன்று. கூப்பிடு தூரத்திலுள்ள சபை மண்டபம். கட்டாக்காலி மாடு பயிரை மேய்ந்தால் அதைப் பிடித்துக் கட்டும் அதிகாரமும், உழவு இயந்திரம் தோட்டத்துக்குப் போகும் பாதைக்குக் கிறவல் போடும் பொறுப்பும், கண்ட இடத்தில் கொட்டும் கழிவு கிணற்று நீரைக் கெடுக்காமற் காக்கும் கடமையும் அச்சபையினுடையவையே. சுண்ணக்கல்லின் மேல் வாழும் யாழ்ப்பாணத்தானுக்கு நிலத்தடி நீரை விட்டால் வேறு ஆறு ஏது? மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுண்டு. அதன் கரையிலும் குப்பை கொட்டுகிறோம்.

சபையால் எல்லாம் முடியும் என்று நாம் கூறவில்லை. சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும், பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் கீழும் உள்ளன. காணியும் பொலிசும் எங்கே பூட்டப்பட்டுள்ளன என்பதை நாம் எழுதித்தான் வாசகர் அறிய வேண்டுமென்பதில்லை. ஆனால் கைக்கு எட்டாததைக் காட்டிக் கைக்கு எட்டியதைக் கைவிடுவது எந்த அறிவு?

சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். 1957 யூலையில் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் பிராந்திய சபைகளைப் பற்றிப் பேசியது. ஓராண்டும் நிறையுமுன் அது கிழித்தெறியப்பட்டது. 1965இல் டட்லி-செல்வநாயகம் ஒப்பந்தம் மாவட்ட சபைகளை உறுதியளித்தது. அதுவும் காற்றிலே போயிற்று. தராத சபைகளுக்காக நாம் நடத்திய போராட்டம் நியாயமானதே. ஆயினும் அதே காலத்தில் கையிலிருந்த கிராமச் சங்கங்களை நாம் எவ்வாறு நடத்தினோம்? யார் அக்கிராசனர் கதிரையில் அமர்வது, எந்தக் குடும்பத்துக்கு எந்த வட்டாரம், எந்தச் சாதியாரின் குறிச்சிக்குக் கிணறு வெட்டாமல் விடுவது என்பவையே பல ஊர்களில் பெருங்கேள்விகளாக இருந்தன. சுயாட்சி கேட்ட வாயாலேயே அயற்குறிச்சிக்குத் தண்ணீர் மறுத்தோம். இதை ஒளித்து எழுதுவதால் நமக்குப் பெருமை வந்துவிடப் போவதில்லை. 1981இல் கிராமச் சங்கங்களும் பட்டினசபைகளும் ஒழிக்கப்பட்டபோது அவற்றுக்காக அழுதவர் சிலரே என்றால், காரணம் ஓரளவு நம்மிடமும் உண்டு.

அதே உள்ளூர்ச் சபை நல்லோர் முயற்சியோடு சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கும் நம்மிடம் சான்றுண்டு. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலே சில நூல்களோடு தொடங்கிய முயற்சி, ஊராரின் ஆதரவால் வளர்ந்து, உள்ளூர்ச் சபையின் பொறுப்பில் சேர்ந்து, 1959இல் யாழ்ப்பாணப் பொது நூலகமாக ஓங்கி நின்றது. 1981இல், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், அதற்குத் தீயிட்டவர்களுக்கு அதன் பெறுமதி தெரிந்திருந்தது. நமக்குத் தெரிகிறதா?

மலையகத்தைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள். 1930களின் பிற்பகுதியில் கிராமக் குழுக்களின் வாக்குரிமை பேசப்பட்டபோது தோட்டத்து இந்தியத் தமிழ்த் தொழிலாளி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். 1948இல் குடியுரிமை போயிற்று. அடுத்த ஆண்டே பாராளுமன்ற வாக்கும் போயிற்று. பல்லாண்டுப் போராட்டத்தின் பின் வாக்கு மீண்டும் கைக்கு வந்தபோதோ வேறொரு பூட்டுக் காத்திருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாமல் தடுத்தது. வாக்களித்து உறுப்பினரை அனுப்பலாம். அவ்வுறுப்பினரோ லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் போட வழியில்லை! முப்பது ஆண்டுகள் இந்தக் கேலிக்கூத்து நடந்தது. விடாது கேட்டுக் கேட்டு, 2018இல் அச்சட்டத்தைத் திருத்துவித்தனர். நுவரெலியா மாவட்டத்திலே மலைபோன்ற சனத்தொகையைச் சுமந்த நுவரெலியா, அம்பகமுவ என்னும் சபைகள் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய சபைகளும் அதே காலத்தில் பிறந்தன. பூட்டு இருந்த இடத்திலே திறப்புத் தேடியவர்கள் அவர்கள். நமக்குக் கதவு திறந்தே கிடந்தது; நாம் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

தற்போதைய முறையின் குறையையும் மறைக்க மாட்டோம். ஒரு வாக்காளனுக்கு ஒரே புள்ளடி. வட்டாரங்களிலிருந்து அறுபது வீதத்தினர். எஞ்சிய நாற்பது வீதத்தினர் கட்சிகளின் பட்டியலிலிருந்து. பட்டியலில் யாரை எடுப்பது என்று தேர்தலுக்குப் பின் கட்சிக் காரியாலயம் தீர்மானிக்கிறது. அவர்களைத் தெரிந்தது எந்த ஊர்? பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து இடம் என்று 2016இல் சட்டம் வந்தது நல்லதே. அதற்கு முன் மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இருவர் அளவிலேயே இருந்தனர். ஆனால் பட்டியலை நிரப்பும் பெயர்களாக மட்டும் அவர்களை எண்ணும் கட்சிகளை அடையாளங் காண வேண்டியவரும் ஊரவரே. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத சபைகளில் தவிசாளரைத் திருவுளச்சீட்டு இட்டுத் தெரிந்த காட்சியையும் கண்டோம். யாழ்ப்பாண மாநகர சபையிலே 2020 டிசம்பரில் பாதீடு தோற்று முதல்வர் பதவியிழந்தார். பாதீட்டில் ஊருக்கு என்ன இருந்தது, என்ன இல்லை என்று அன்று விவாதித்தவரினும், யார் யாரைக் கவிழ்த்தார் என்று சுவைத்தவரே அதிகம்.

ஆகவே புள்ளடி இட்டதோடு வீடு திரும்பி நித்திரை கொள்வோர்க்கு இம்முறையில் நட்டமே மிச்சம். வேட்பாளரைக் கட்சி தெரியுமுன்னரே ஊர் பேச வேண்டும். தெரிந்த பின்னும் ஊர் பேச வேண்டும். இங்கேதான் படித்தவர்களிடம் நாம் சற்றுக் கடுமையாகவே பேசுகிறோம். சட்டத்தரணி ஐயா, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சந்தைக் குத்தகைப் பத்திரத்தின் பிரதியைக் கோரி ஒரு விண்ணப்பம் எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பொறியியலாளர் அவர்களே, உங்கள் ஊர் மதகு எந்த உயரத்தில் கட்டப்பட்டால் வெள்ளம் ஓடும் என்று சபைக்கு ஒரு வரைபடம் கொடுத்தீர்களா? சபையின் குழுக்களிலே உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கப் பிரதேச சபைச் சட்டம் இடமளிக்கிறது. அந்த ஆசனங்களைக் கேட்டு வாங்கியவர் யார்? வெளிநாட்டிலிருந்து கோயிற் கோபுரத்துக்குப் பணம் வந்து சேர்கிறது, சேரட்டும். கோயில் வீதியின் வாய்க்காலைப் பற்றி ஒரு கேள்வி எங்கிருந்தும் வருவதில்லை.

கமக்காரத் தோழர்களே, உங்களுக்கும் ஒன்று. மாமன் மச்சான் என்பதற்காகவும், எங்கள் பகுதியான் என்பதற்காகவும் புள்ளடி இட்டுவிட்டு, பின்னர் சபை சரியில்லை என்று சந்தையில் நின்று திட்டுவதில் பயனில்லை. திட்டுவதை எழுத்தில் கொடுங்கள். பத்துப் பேர் கையொப்பம் வையுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும் அதற்கு ஒரு தேர்தல் நடந்திருக்கவில்லை. ஊருக்கு அண்மையில் மக்கள் தெரிந்த மன்றமாக எஞ்சியிருந்தது பிரதேச சபை ஒன்றே. 2025 யூன் 2ஆம் திகதி அச்சபைகளின் நான்காண்டுப் பதவிக்காலம் ஆரம்பமாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பருக்குள் அடுத்த ஆண்டின் பாதீடு நிறைவேற வேண்டும். அதற்கு முன், ஐப்பசி மழை இறங்குமுன், ஒவ்வொரு சனசமூக நிலையமும் தன் வட்டார உறுப்பினரை ஒரு மாலை அழைக்கட்டும். வாக்குக் கேட்டு வந்தபோது ஒவ்வொரு படலையாகத் திறந்து வந்தவர் அவர். வழி தெரியாதிருக்க நியாயமில்லை. நம் ஊரிலிருந்து சோலைவரியாகச் சென்ற பணம் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு, சந்தைக் குத்தகை எவ்வளவுக்குப் போயிற்று என்ற மூன்றையும் அவர் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று அழைப்பிலேயே குறிப்பிடுங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதி, பிரதியைத் தவிசாளருக்கும் நமக்கும் அனுப்பி வையுங்கள். அச்சிடுவதற்கு இப்பத்திரிகையில் இடமுண்டு.