பேனாவால் திறக்கப்படும் குதை

சுவரின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் மின் குதை, அதாவது பேச்சுவழக்கில் பிளக் பேஸ் எனப்படுவது, தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைவதால், அதனுள் ஊசியோ ஆணியோ செல்லாதபடி தடுக்கும் ஏற்பாடு குதைக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்பது மின் பாதுகாப்பின் அடிப்படை விதிகளுள் ஒன்றாகும். போருக்குப் பிந்திய வீடுகளின் மின்னிணைப்பை ஆராய்ந்து 1944இல் அறிக்கை வெளியிட்ட பிரித்தானியக் குழு இதனை வலியுறுத்தியது. அக்குழுவின் ஒரேயொரு பெண் உறுப்பினர் மின் பொறியியலாளர் கரோலைன் ஹஸ்லெற் ஆவார். அதன் வழியில் 1947இல் வெளியான பிஎஸ் 1363 என்னும் தரமே, இன்று இலங்கை வீடுகளில் காணப்படும் சதுரமுனை 13 அம்பியர் குதைக்கு மூலமாகும்.

இக்குதையில் உயிர்க்கம்பிக்கும் நொதுமற்கம்பிக்கும் உரிய இரு துளைகளையும் உள்ளிருந்து ஒரு மறைப்புத் தகடு மூடி நிற்கிறது. செருகியின் புவிமுனை மற்ற இரண்டையும்விட ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளமானதாகையால், அது முதலில் உட்சென்று தகட்டை விலக்க, அதன் பின்னரே ஏனைய முனைகளுக்கு வழி கிடைக்கிறது. வட அமெரிக்கக் குதைகளில் புவிமுனைக்கு இவ்வேலை இல்லை. இரு துளைகளும் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டால் மட்டுமே தகடுகள் விலகும். ஐக்கிய அமெரிக்காவின் மின் விதிக்கோவை 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இதனைப் புதிய வீடுகளுக்குக் கட்டாயமாக்கியது.

அளவெட்டியில் இத்தகட்டின் பகை குழந்தையன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் தேசிய மின் வழங்கலை இழந்து, ஆண்டுக்கணக்காகக் குப்பி விளக்கில் வாழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களுள் இதுவும் ஒன்று. பின்னர் மின்சாரம் மீண்டபோது, திருத்தப்பட்ட வீடுகளில் சதுரமுனைக் குதைகள் இடம்பெற, ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே முதலிய நாடுகளிலுள்ள உறவினர் கொண்டுவரும் மின்னழுத்தியும் அரைக்கும் இயந்திரமும் உருண்டை இருமுனைச் செருகிகளுடன் வந்து சேர்கின்றன. அவை நேராகப் புகா. ஆகவே பேனாவின் முனையையோ சிறிய திருகாணிச் செலுத்தியையோ மேலுள்ள புவித்துளைக்குள் அழுத்தித் தகட்டை விலக்கி, இருமுனைகளையும் திணிப்பது வழக்கமாகிவிட்டது. அதனை அருகிலிருந்து பார்க்கும் பிள்ளை, பூட்டைத் திறக்கும் முறையைப் பெரியோரிடமே கற்றுக்கொள்கிறது.

தீமை அதனோடு முடிவதில்லை. இந்த ஐரோப்பியச் செருகிகளில் புவித்தொடுப்பு தனி முனையாக அமையாததால், 13 அம்பியர் குதைக்குள் அது எதனையும் தொடாது. உலோக உடல் கொண்ட மின்னழுத்தி புவித்தொடுப்பின்றியே இயங்கும். முனைகள் தளர்வாக நிற்பதால் தொடுமிடம் சூடேறிக் குதை கருகவும் கூடும்.

ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்னும் ஆறுதலும் முழுமையானதன்று. உயிர்க்கம்பியில் சென்ற மின்னோட்டம் நொதுமற்கம்பியில் திரும்பாது வேறு வழியே கசியும்போதுதான் அது துண்டிக்கும். வீடுகளில் அதன் அளவு பொதுவாக 30 மில்லிஅம்பியர். பிள்ளை இரு கைகளிலும் இரு கம்பிகளைப் பிடித்து இரு துளைகளிலும் செருகி, நிலத்தோடு தொடர்பின்றி இருந்தால், மின்னோட்டம் உடலூடாகச் சென்று நொதுமற்கம்பிக்கே திரும்புவதால் ட்ரிப் சுவிச் எதையும் உணராது. அந்த வேளையில் காப்பது மறைப்புத் தகடு மட்டுமே.

கடைகளில் விற்கப்படும் பிளாஸ்டிக் குதை மூடிகளும் நம்பத்தக்கவையல்ல. அவற்றைத் தலைகீழாகச் செருகினால் புவிமுனை மட்டும் உட்சென்று தகட்டை விலக்கி, உயிர்த்துளையைத் திறந்தே விடக்கூடும். 2016இல் இங்கிலாந்தின் சுகாதாரத் திணைக்களம், சுகாதார, சமூகப் பராமரிப்பு இடங்களில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாமென எச்சரித்தது.

எனவே காசு செலவிட வேண்டியது மூடிக்கன்று, செருகிக்கே. வெளிநாட்டுச் செருகியை வெட்டி நீக்கி, உரிய அளவு உருகியுடன் கூடிய 13 அம்பியர் செருகியை மின்வினைஞரைக் கொண்டு பொருத்துவித்து, புவிக்கம்பி உள்ள உபகரணத்தில் அதனையும் இணைப்பித்தால், பேனாவுக்கு அங்கே வேலையில்லை. தகடு இல்லாத பழைய உருண்டைத் துளைக் குதைகள் எஞ்சியுள்ள வீடுகளில், முதலில் மாற்ற வேண்டியது பிள்ளை தவழும் அறையிலுள்ள குதையையே.