உப்பளத்துக்கும் உரிய சுகாதாரம்

நோய் பிறக்கும் இடத்துக்கே சென்று அதைத் தடுப்பது ஸ்தல ஸ்தாபனங்களின் முதற்கடமை என்பதை, பாதுகாக்கப்பட்ட குடிநீரையும் பொதுக் கழிப்பிடங்களையும் அவற்றின் பொறுப்பில் வைத்ததன் மூலம், 1939-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் தெளிவாக்கிவிட்டது. ஆயினும், சித்திரை வெயில் தலைக்கு மேலும், வெண்ணிறப் பாத்திகளில் பட்டுத் தெறிக்கும் அதன் பிரகாசம் கண்களுக்கு நேராகவும் தகிக்க, மரக்காணத்து உப்பளங்களில் செறிந்த உப்புநீரில் நின்று உப்பு வாருகிற ஜனங்களுள், ஒதுங்க மறைவிடமில்லாத காரணத்தாலேயே தாகத்தை அடக்கிக்கொள்ளும் ஸ்திரீகளின் கஷ்டத்தை அச்சட்டத்தின் கரம் இன்னும் முழுமையாக எட்டவில்லை. வியர்வையாய் இழந்த நீரை ஈடுசெய்யாத தேகத்தில் சிறுநீரகம் நலிகிறது. உப்பு அரித்த பாதத்தில் புண் எளிதில் ஆறுவதில்லை. ஓயாத ஒளிக்கூச்சத்தில் கண்கள் எரிகின்றன. இவற்றுக்குப் பரிகாரம் அபூர்வமானதன்று: பாத்திகளுக்கு அருகே நல்ல தண்ணீர், ஒரு நிழற்கூரை, கதவுள்ள கழிப்பிடம், ரப்பர் காலணி, கறுப்புக் கண்ணாடி, மாதந்தோறும் வந்து பரிசோதிக்கும் கிராம சுகாதாரச் செவிலியர். பேரூராட்சியும் ஆரம்ப சுகாதார நிலையமும் உப்பள உடைமையாளர்களும் ஒருங்கே கூடி இவற்றை இவ்வருஷமே நிறைவேற்ற வேண்டும். நம் அன்றாட உணவுக்கு ருசி அளிப்பவர்களின் ஆரோக்கியம், சட்டப்படியும் தர்மப்படியும் நாம் செலுத்தியே தீரவேண்டிய கடன்.